எழுபது பாட்காஸ்ட், பன்னிரண்டு மணி நேரம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு பஸ்ஸில் தினமும் போய்வருகிறவருக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தால், வாரம் ஆறு நாளில் காதுக்குக் கிடைப்பது 12 மணி நேரம். அவர் கணினியில் 70 பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் தொடராக வரும் ஒலி நிகழ்ச்சிகள், சந்தாவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து தினமும் வருபவை. செய்தி, டிஎன்பிஎஸ்சி நடப்பு நிகழ்வு மாதிரி, தலா 15 நிமிடம். ஆறு நாளுக்கு 15 மணி நேரம் ஆயிற்று. நாற்பது வாரம் ஒருமுறை வருபவை, தலா முக்கால் மணி. அது 30 மணி நேரம். மிச்சம் இருபது எப்போதாவது எட்டிப் பார்ப்பவை, கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆக வாரத்துக்கு 45 மணி நேரம் வந்து விழுகிறது, 12 மணி நேரம்தான் தீர்கிறது. 1.25 வேகத்தில் ஓட்டினாலும் 15 மணி நேரச் சரக்குக்கு மேல் தீராது.

இந்தக் கணக்கைப் போடாமல் சந்தாக்களை நேராக ஃபோல்டர்களாகப் பிரிக்க உட்காருகிறவர்கள்தான் அதிகம். பிரித்து முடித்த ஒரு மாதத்தில் பட்டியல் பழையபடி ஆகிவிடும். கேட்காத எபிசோட்கள் சேர்வதற்குக் காரணம் வட்டில் இடமில்லாததோ டேட்டா போதாததோ இல்லை. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. 45 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.6 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் இரண்டு நாளுக்குள் இறக்கிவிடலாம். பேச்சு மட்டுமே உள்ள நிகழ்ச்சிகள் பல 64 கேபிபிஎஸ் மோனோவில் வருகின்றன. அவை மணிக்கு 28.8 எம்பிதான். டேட்டாவுக்குப் பஞ்சமில்லை, காதுக்குத்தான் பஞ்சம். அதனால் முதல் வேலை, ஒரு தாளில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேட்க முடியும் என்று உண்மையாக எழுதிக்கொள்வது. மற்றதெல்லாம் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டது.

முதலில் பட்டியலை வெளியே எடுப்பது

பாட்காஸ்ட் என்ற சொல் முதன்முதலில் பத்திரிகையில் வந்தது 2004 பிப்ரவரியில். தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதும் அதே மாதம்தான். இந்த இருபத்துச் சொச்சம் வருடத்தில் எத்தனையோ செயலிகள் வந்து போய்விட்டன. ஸ்டிச்சர் 2023இல் மூடியது, கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடியது. பட்டியலை வெளியே எடுத்து வைத்தவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. எடுக்காதவர்கள் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதாயிற்று. செயலி வாடகை வீடு. வீட்டுச் சாமான் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலின் பெயர் ஓபிஎம்எல். சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கும். ஒரு சந்தாவுக்கு ஒரு வரி, அதில் நிகழ்ச்சியின் பெயரும் அதன் ஆர்எஸ்எஸ் ஃபீட் (செயலி புதிய எபிசோடைத் தெரிந்துகொள்ளும் இணையப் பட்டியல்) முகவரியும் இருக்கும். 70 சந்தாக்கள் இருந்தாலும் கோப்பு இருபது முப்பது கேபியைத் தாண்டாது. கணினிக்கான ஜிபாடர், ஆண்ட்ராய்டு ஃபோனுக்கான ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் எல்லாச் செயலிகளிலும் ஏற்றுமதி (பட்டியலைக் கோப்பாக எடுப்பது), இறக்குமதி (கோப்பிலிருந்து உள்ளே கொண்டுவருவது) இரண்டும் உண்டு. ஜிபாடரில் சந்தா மெனுவிலேயே இருக்கும். ஆன்டெனாபாடில் செட்டிங்ஸ் உள்ளே இறக்குமதி, ஏற்றுமதி என்ற பகுதியில் இருக்கும். எடுத்த கோப்புக்குத் தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் பெயராக வையுங்கள். அப்போதுதான் பத்துக் கோப்பு சேர்ந்தாலும் கடைசியில் எடுத்தது எது என்று பார்த்தவுடன் தெரியும்.

ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் ஓபிஎம்எல் எடுக்க நேரடி பொத்தான் இல்லை. நிகழ்ச்சிப் பக்கத்தின் முகவரியில் ஐடி என்பதை அடுத்து ஒரு நீண்ட எண் இருக்கும். ஆப்பிளின் ஐட்யூன்ஸ் லுக்அப் (நிகழ்ச்சி விவரத்தைத் தேடித் தரும்) முகவரியில் அந்த எண்ணைக் கொடுத்தால் வரும் விவரத்தில் ஃபீட் முகவரியும் இருக்கும். ஸ்பாட்டிஃபை அந்த அளவுக்கும் உதவாது. அங்கே கேட்கும் நிகழ்ச்சியின் பெயரை 2020இல் தொடங்கிய பாட்காஸ்ட் இண்டெக்ஸ் தளத்தில் தேடிப் பார்க்கலாம். கிடைத்தால் முகவரியை எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அது ஸ்பாட்டிஃபைக்கு வெளியே வராத நிகழ்ச்சியாக இருக்கலாம். குக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம் தொடர்களும் அப்படித்தான், அந்தந்தச் செயலியைத் தாண்டி வராது. இவற்றைப் பட்டியலில் திணிக்கப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தனியாக ஒரு தாளில் பெயரை எழுதி வைத்தால் போதும்.

ஓபிஎம்எல் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: பெயரும் முகவரியும் மட்டுமே நம்பகமாக இடம் மாறும். எந்த எபிசோடை எதுவரை கேட்டோம், எந்தப் பிரிவில் வைத்தோம் என்பதெல்லாம் செயலிக்குச் செயலி மாறுபடும், பெரும்பாலும் வராது.

ஒட்டுவதில் வரும் தொல்லைகள்

ஃபோனில் ஒரு பட்டியல், அலுவலகக் கணினியில் ஒன்று, வீட்டுக் கணினியில் ஒன்று என்று மூன்று கோப்பு கையில் இருக்கும். ஒரு கோப்பின் வரிகளை நகலெடுத்து இன்னொன்றின் நடுப்பகுதியில் ஒட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சொல்வதற்கு எளிது. ஆனால் பெரும்பாலும் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று, ஃபீட் முகவரியில் & குறி இருப்பது. பிரவுசரிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் கோப்பு முழுவதுமே படிக்க முடியாததாகிவிடும். 70 சந்தாவில் ஒன்றுகூட உள்ளே போகாது, பிழை எங்கே என்றும் செயலி சொல்லாது. அந்தக் குறியை அடுத்து ஏ, எம், பி என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் சேர்க்க வேண்டும். நிகழ்ச்சியின் பெயரில் & வந்தாலும் இதே கதைதான்.

இரண்டு, எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை. பழைய விண்டோஸ் நோட்பேட் முன்னிருப்பாக ஆன்சி முறையில் சேமிக்கும். தமிழ், கன்னடம், தெலுங்குப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்பவும் வராது. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். மூன்றாவது சின்ன விஷயம்: கோப்பின் பெயர் முடிவில் நோட்பேட் தானாக ஒரு டெக்ஸ்ட் விகுதியை (.txt) சேர்த்துவிடும். இறக்குமதி செய்யும்போது கோப்பே கண்ணில் படாது.

இறக்குமதிக்கு முன் செயலியில் தானியங்கி டவுன்லோடை அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் வரும் விளைவைக் கணக்குப் பார்த்தாலே பகீர் என்கிறது. 70 ஃபீட், ஒவ்வொன்றிலும் 100 பழைய எபிசோட், ஒன்று 40 எம்பி என்றால் 280 ஜிபி. அரசு தந்த விலையில்லா மடிக்கணினியை இன்னும் வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. லினக்ஸ் போட்டால் ஜிபாடர் அதில் நன்றாகவே ஓடும். ஆனால் இந்த வெள்ளம் வந்தால் அதன் வட்டில் பெரும் பகுதி நிரம்பிவிடும்.

இரட்டைகளும் இறந்தவையும்

சேர்த்த பட்டியலை லிப்ரே ஆபீஸ் கால்க் அட்டவணையில் போடுங்கள். பெயர், ஃபீட் முகவரி, மொழி, கடைசி எபிசோட் தேதி, வழக்கமான நீளம், எப்போது கேட்பது என்று ஆறு பத்தி போதும். பெயர் வரிசையில் அடுக்கினால் இரட்டைகள் பிடிபடாது. ஒரே நிகழ்ச்சி ஓரிடத்தில் தமிழ் எழுத்திலும் இன்னோரிடத்தில் ஆங்கில எழுத்திலும் இருக்கும். முகவரியைத்தான் வரிசைப்படுத்த வேண்டும். அதற்கு முன் தனிப் பத்தியில் முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மூன்று டபிள்யூ, கடைசிச் சாய்கோடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அந்தப் பத்தியை வரிசைப்படுத்துங்கள். பாதி இரட்டைகள் அப்போதே பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

மிச்சப் பாதி, நிகழ்ச்சி ஒரு ஹோஸ்ட்டிலிருந்து (ஒலிக்கோப்புகளை வைத்துத் தரும் இணையச் சேவை) இன்னொன்றுக்கு மாறியதால் வந்தவை. பழைய முகவரி ஒன்று, புதியது ஒன்று. பழைய முகவரியை பிரவுசரில் போட்டால் தானாகப் புதிய இடத்துக்குத் தள்ளினால் பழையதை எடுத்துவிடலாம். இந்தத் தள்ளலில் சர்வர் தரும் குறியெண்ணில் 301 என்பது நிரந்தர மாற்றம். நல்ல செயலி முகவரியைத் தானே மாற்றிக்கொள்ளும். 302 தற்காலிக மாற்றம்; முகவரி அப்படியே இருக்கும். தள்ளாமல் இரண்டுமே திறந்தால் இரண்டிலும் கடைசியாக வந்த எபிசோடின் தேதியைப் பாருங்கள். எதில் புதிது இருக்கிறதோ அதுதான் உயிரோடிருக்கிறது.

இடம் மாறிய நிகழ்ச்சிகளில் இன்னொரு கோளாறும் வரும். “அண்ணா, கேட்டு முடிச்ச 180 எபிசோடும் புதுசுன்னு காட்டுது” என்று யாராவது கேட்டால் அது இதுதான். ஃபீடில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஜியூஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. செயலி பழையது, புதியது என்று பிரிப்பது தலைப்பை வைத்து இல்லை, அந்த எண்ணை வைத்து. ஹோஸ்ட் மாறும்போது எண்கள் புதிதாகப் போடப்பட்டால் செயலிக்கு எல்லாமே புதிது. சந்தாவை நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பதால் ஒரு பயனும் இல்லை, இருக்கும் வரலாறும் போய்விடும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பழையது என்று குறித்துவிட்டு, அன்றைக்கு வந்ததை மட்டும் புதிதாக வைத்துக்கொண்டால் முடிந்தது.

திறக்காத ஃபீடை உடனே கணக்குத் தீர்க்க வேண்டாம். 404 (பக்கம் கிடைக்கவில்லை) வந்தால் அது தற்காலிகமாகவும் இருக்கலாம். மூன்று வாரம், வாரத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 410 வந்தால் அதை வைத்திருந்தவரே எடுத்துவிட்டார் என்று பொருள், காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஃபீடுக்குப் பதிலாகச் சூதாட்ட விளம்பரப் பக்கம் திறந்தால் அந்த டொமைன் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அந்த வரியை அன்றே நீக்குங்கள். ஃபீட் நன்றாகத் திறக்கிறது, ஆனால் கடைசி எபிசோட் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்றால் அது வேறு கதை. நின்றுபோன பேச்சு நிகழ்ச்சியாக இருந்தால் விடலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு பகுதியில் முடிந்த வரலாற்றுத் தொடர், பாடத் தொடர் என்றால் அது முடிந்திருக்கிறது, சாகவில்லை. அதன் ஹோஸ்டிங் கட்டணத்தை யாராவது நிறுத்திவிட்டால் ஒலிக்கோப்புகளும் போய்விடும். வேண்டியது என்றால் முழுவதையும் இறக்கி வையுங்கள். சில ஃபீட்கள் கடைசி நூறு எபிசோடை மட்டுமே காட்டும். ஜிபாடரே ஒரு நிகழ்ச்சிக்கு முன்னிருப்பாக 200 எபிசோடுதான் வைத்துக்கொள்ளும். பழைய சரக்கு வேண்டுமென்றால் அந்த எண்ணைக் கூட்டிவிட்டு இறக்க வேண்டும்.

பொருள் வாரியாகப் பிரிக்காதீர்கள்

செய்தி, வேளாண்மை, வரலாறு, தொழில்நுட்பம் என்று பிரிப்பது நூலகத்துக்குச் சரி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மொழிவாரியாகப் பிரிப்பவர்களும் உண்டு. ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கிறவர்களுக்கு அது இயல்பாகத் தோன்றும். இரண்டுமே நாளாக ஆகக் கைகொடுப்பதில்லை. பஸ் ஏறும்போது யாரும் இன்று வரலாறு கேட்கலாம் என்று முடிவெடுப்பதில்லை. முக்கால் மணி இருக்கிறது, கை சும்மா இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்றுதான் பார்ப்போம். ஆகவே கேட்கும் நேரத்தை வைத்துப் பிரிப்பது நிற்கும்.

ஜிபாடரில் ஒவ்வொரு நிகழ்ச்சியின் செட்டிங்ஸிலும் பிரிவு என்று ஓர் இடம் உண்டு. பெயருக்கு முன்னால் எண் போட்டால் நினைத்த வரிசையில் நிற்கும். “1 பஸ்” என்பதில் முக்கால் மணிக்கு உட்பட்டவை, நடுவில் நின்றாலும் பிறகு தொடரக்கூடியவை. “2 கைவேலை” என்பது கை ஈரமாகவோ பிசுக்காகவோ இருக்கும்போது ஓடுவது: சமையல், மாங்காய் தரம் பிரிப்பது, பட்டுப்புழுவுக்குத் தழை போடுவது. கடைசிப் பருவத்தில் இரவும் தழை போடுகிறவர்களுக்கு இரண்டு மணி நேர உரையாடல்தான் தோது, ஏனென்றால் அடுத்தது எது என்று ஃபோனைத் தொட முடியாது. “3 நோட்டுடன்” என்பதில் தேர்வுப் பாடம், ஆங்கில இலக்கணம் போன்றவை. இவற்றை பஸ்ஸில் கேட்டால் கேட்ட மாதிரி இருக்கும், ஒன்றும் ஒட்டாது. “4 கையிருப்பு” முடிந்த தொடர்களுக்கு. “5 நிறுத்தியது” என்பது மனசு வராமல் வைத்திருப்பவற்றுக்கு. அங்கே போனதுடன் ஃபீட் புதுப்பிப்பை நிறுத்தும் பெட்டியிலும் டிக் போட்டுவிட வேண்டும். வெறுமனே பிரிவை மாற்றினால் எபிசோட் வந்துகொண்டுதான் இருக்கும்.

இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. தினச்செய்திக்கு, கடைசி எபிசோட் மட்டும் வைத்துக்கொள்ளும் முறை. முந்தாநாள் தலைப்புச் செய்தியைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, இருந்தும் 300 எபிசோட் புதிது என்று நின்றால் மனசு அதிலேயே கிடக்கும். வாராந்திர நிகழ்ச்சிகளுக்கு டவுன்லோடைத் தானியங்கியாக விடாமல், ஞாயிறு காலை பட்டியலைப் பார்த்து அந்த வாரத்துக்கானதைக் கையால் தேர்ந்தெடுப்பது நல்லது. பத்து நிமிட வேலை. தேர்ந்தெடுத்தவற்றின் நேரம் தாளில் எழுதிய 12 மணியைத் தாண்டினால் அங்கேயே நிறுத்தவும். தேர்ந்தெடுக்காததைப் பழையது என்று குறித்துவிடவும். நிகழ்ச்சி எங்கும் ஓடிவிடாது, வேண்டுமானால் மறுபடி இறக்கலாம். கேட்டு முடித்ததை ஏழு நாளில் தானாக அழிக்கும்படி ஜிபாடரின் சுத்தப்படுத்தும் பகுதியில் வைக்கலாம். காப்பாற்ற வேண்டியதைக் காப்பகப்படுத்திப் பூட்டிவிட்டால் அந்த அழிப்பில் போகாது. ஃபைல் மேனேஜரில் போய்க் கையால் அழிப்பது மட்டும் வேண்டாம். செயலி ஒரு கணக்கு வைத்திருக்கும், ஃபோல்டரில் வேறு கணக்கு இருக்கும்.

கரண்ட் போவது பற்றியும் சொல்ல வேண்டும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் டவுன்லோட் நடுவில் நின்றால், ஜிபாடர் பாதிக் கோப்பை வைத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். வழக்கமாக அது நல்லதுதான். ஆனால் இப்போது பல நிகழ்ச்சிகளில் விளம்பரங்களை டவுன்லோட் செய்யும் நேரத்தில் புதிதாகச் செருகுகிறார்கள். காலையில் இறக்கிய பாதியும் மாலையில் இறக்கிய பாதியும் ஒரே நீளக் கோப்பிலிருந்து வந்தவையாக இருக்காது. ஒட்டிய இடத்தில் கரகரக்கும், இல்லையென்றால் ஒரு வாக்கியம் இரண்டு முறை வரும். அப்படிக் கேட்டால் ஹெட்ஃபோனைக் குறை சொல்லாமல் அந்த எபிசோடை அழித்துவிட்டு முழுதாக இறக்குங்கள். அஞ்செட்டி, பென்னாகரம் மாதிரி மலையோர ஊர்களில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குகிறவர்கள் ஒரே நேரத்தில் ஒரு டவுன்லோட் என்று குறைத்து வைப்பது மேல். ஐந்து பாதிக் கோப்பைவிட ஒரு முழுக் கோப்பு பயன்படும்.

பென்டிரைவில் தமிழ்ப் பெயர்

கார், டிராக்டர், மாந்தோப்புக் காவல் கொட்டகையில் இருக்கும் யூஎஸ்பி ஸ்பீக்கர் என்று கணினியிலிருந்து பென்டிரைவுக்கு மாற்றிக் கேட்பவர்கள் நம் பக்கம் ஏராளம். அங்கேதான் தமிழ்த் தலைப்பு படுத்தும்.

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு வரம்பு 255 பைட். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் பிடிக்கும், “கோ” என்பது ககரம், ஓகாரக் குறி என இரண்டு குறி, ஆக 6 பைட். அதாவது 85 குறிகளில் பெயர் முடிந்துவிட வேண்டும். “மாவில் தத்துப்பூச்சித் தாக்குதலைப் பூக்கும் பருவத்தில் கட்டுப்படுத்துவது எப்படி” என்று ஒரு தலைப்பு வைத்தாலே அந்த வரம்பை நெருங்கிவிடும். விண்டோஸில் அதே பெயர் பிரச்சினையில்லாமல் நிற்கும், ஏனென்றால் அங்கே எண்ணும் முறை வேறு. ஆனால் ஃபோல்டர் பாதையும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் பல நிரல்கள் அங்கேயும் தகராறு செய்யும். அதனால் நகலெடுக்கும் முன் பெயரை ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, தேதியுடன் மாற்றிவிடுவது நல்லது. மலிவான கார் ஸ்டீரியோக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இருக்காது, கட்டம் கட்டமாகத்தான் காட்டும்.

வரிசை இன்னொரு தலைவலி. 01, 02 என்று எண் போட்டும் தப்பான வரிசையில் ஓடுகிறது என்றால் பிளேயர் பெயரைப் பார்க்கவில்லை. பென்டிரைவின் அட்டவணையில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் ஓட்டுகிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இழுத்துப் போட்டால் எழுதப்படும் வரிசைக்கு உத்தரவாதமில்லை. பென்டிரைவை ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, ஒவ்வொன்றாக வரிசையில் நகலெடுங்கள். லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற சின்ன நிரல் அட்டவணையையே பெயர் வரிசைக்கு மாற்றித் தரும்.

பட்டியல் ஒழுங்கானபின் யாராவது கட்டாயம் கேட்பார்கள், உங்க லிஸ்டைக் கொஞ்சம் அனுப்புங்க என்று. ஓபிஎம்எல் கோப்பை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பலாம். அனுப்புமுன் நோட்பேடில் திறந்து, காசு கட்டிக் கேட்கும் நிகழ்ச்சிகளின் வரிகளை மட்டும் நீக்கிவிடுங்கள். அந்த ஃபீட் முகவரியிலேயே உங்கள் கணக்குக்கான ரகசியக் குறியீடு இருக்கும். அது குழுவில் போய்ப் பத்துப் பேர் கணினியில் ஏறினால் நிகழ்ச்சி நடத்துகிறவர் உங்கள் சந்தாவை முடக்கிவிடலாம்.